நேத்து அம்சா

ஜூலை 7, திங்கள்

இன்றைக்கும் அதே கதைதான். எங்கள் பள்ளிக்கூடத் தோழர்களின் "கடைசி பெஞ்ச்" வாட்ஸப் குரூப்பில் காலையிலேயே ஜெயப்பிரகாஷ் ஒரு கேள்வி போட்டிருந்தான்: இட்லிக்குத் தேங்காய்ச் சட்னியா, காரச் சட்னியா? கடையைத் திறப்பதற்கு முன் டவர் பாறையில் நின்று அதைப் பார்த்தேன். பிறகு கடைக்கு வந்து, அரிசி மூட்டையைப் பிரித்துக்கொண்டே யோசித்து, ஆள் இல்லாத நேரத்தில் நாலு வரி அடித்தேன். நல்ல நாலு வரி. காரச் சட்னிக்காரர்கள் இனி வாயே திறக்க முடியாது. கடைசியில் "தேங்காய்ச் சட்னியில் பூண்டு போடலாமா, கூடாதா? சந்தியா, நீயே தீர்ப்பு சொல்லு" என்று கேட்டிருந்தேன். அனுப்பினால் அந்தச் சின்னக் கடிகாரம் வந்து உட்கார்ந்துகொண்டது. கடைக்குள் சிக்னல் ஏது?

சாயங்காலம் பாறைக்கு ஏறியதும்தான் போனது. எங்கே போய் விழுந்தது தெரியுமா? பாரதி தன் மகளுக்கு மொட்டை அடித்த போட்டோ போட்டிருக்கிறாள், அதற்கு நேர் கீழே. மொட்டைக்கு எந்தச் சட்னி நல்லது என்று ஜெயப்பிரகாஷ் கேட்க, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். என் கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. "நேத்து அம்சா வந்துட்டாப்பா" என்று வேறு. மலைக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து இதுதான் என் பெயர். அம்சவள்ளி என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது எல்லாருக்கும் மறந்துவிட்டது.

ஜூலை 9, புதன்

நான் பார்க்கிற வேலையை இந்தக் குரூப்புக்கு எப்படிப் புரியவைப்பது? ரேஷன் கடை கீழே இருக்கிறது, சிக்னல் மேலே இருக்கிறது. காலையில் ரேகை மெஷினைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நான் முன்னால் போக, ஊர்ச் சனம் கார்டோடு பின்னால் வர, எல்லாரும் பாறைக்கு ஏறுகிறோம். டவரே இல்லாத இந்த ஊரில் அந்தப் பாறைக்குப் பெயர் டவர் பாறை. அங்கே ஒவ்வொருத்தராக விரல் வைத்து பில் போட்டதும், எல்லாரும் இறங்கிக் கடைக்கு வந்து அரிசி வாங்க வேண்டும்.

ராஜாம்பாள் அக்காவின் கட்டைவிரலை மட்டும் மெஷின் எடுக்கவே எடுக்காது. கடுக்காய் பொறுக்கியும் களை வெட்டியும் ரேகை தேய்ந்துவிட்டது. இன்றைக்கும் பத்து விரலையும் வைத்துப் பார்த்தோம். "இன்னா கண்ணு, கால் வெரலையும் வெக்கட்டுமா?" என்று செருப்பைக் கழற்றினாள். பாறையே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வெயில், தலைவலி, சிக்னல் தேடி வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிற மெஷின்.

ஜூலை 14, திங்கள்

"மலைல வேலைன்னா ஜாலிதான். டெய்லி அருவி, டெய்லி தேன். கவர்மெண்ட் சம்பளம் குடுத்து டூர் அனுப்பியிருக்கு."

ஜெயப்பிரகாஷ்தான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஏசி போட்ட செல்போன் கடையில் உட்கார்ந்துகொண்டு கருத்து சொல்கிறான். அதற்குப் பதினோரு பேர் கைதட்டல். கருத்து சொல்ல எவனுக்கும் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை போலிருக்கிறது. அருவியை நான் இந்த வருஷம் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் துவரம்பருப்பு மூட்டை.

சந்தியா மட்டும் எனக்காகப் பேசியிருந்தாள். "அவ இருக்குற எடத்துல ஒரு நாள் இருந்து பாரு, அப்பறம் பேசு." அவள் எப்போதும் அப்படித்தான். வடக்கனந்தலில் பக்கத்துப் பக்கத்துத் தெரு நாங்கள். அவளுடைய அப்பா தனசேகரன் எங்கள் இரண்டு பேரையும் ஒரே டிவிஎஸ் ஃபிப்டியில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விடுவார். முன்னால் அவள், பின்னால் நான், நடுவில் எங்கள் பைகள். எனக்கு அப்பா இல்லை என்பதை ஒரு நாளும் பேச்சில் கொண்டுவராத மனுஷன். நானும் அவரை "அப்பா" என்றுதான் கூப்பிடுவேன்.

இப்போதெல்லாம் அவர் சந்தியாவிடம் குரூப்பைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறாராம். "நேத்து அம்சா இன்னா எழுதியிருக்கு, அதைப் படி மொதல்ல" என்பாராம். சந்தியா சொன்னாள். அவர் சொல்லும்போது மட்டும் அந்தப் பெயர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

ஜூலை 19, சனி

காலையில் பாறையில் பார்த்தது: ஜெயப்பிரகாஷ் மகனுக்குக் காதுகுத்து வைக்கப்போகிறான். பையன் அழுதால் கூடவே தானும் இன்னொரு தடவை காது குத்திக்கொள்வானாம், அதை நேரில் பார்க்க எல்லாரும் வர வேண்டுமாம். மத்தியானம் கடையில் உட்கார்ந்து பதில் அடித்தேன்: "இதுக்காகவே லீவு போட்டு வரேன். பாயசம் உண்டா?" கூடவே மூன்று சிரிப்புப் பொம்மைகள்.

கடிகாரம் உட்கார்ந்தது. சாயங்காலம் சரியான மழை. பாறைக்குப் போகவில்லை. காலையில் ஊருக்குக் கிளம்ப வேண்டும், நாளை விடுமுறை.

ஜூலை 20, ஞாயிறு

எழுத முடியுமா தெரியவில்லை. எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

முதல் பஸ்ஸில் கிளம்பினேன். கூட்டம், நின்றுகொண்டு வந்தேன். பஸ் டவர் பாறையைத் தாண்டும்போது பைக்குள் போன் ஒரு தடவை அதிர்ந்தது. எடுக்கவில்லை. கோமுகி அணை வந்ததும்தான் சத்தம் வர ஆரம்பித்தது. விடாமல் வந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தேன்.

சந்தியா எனக்குத் தனியாக அனுப்பியிருந்தது நேற்று மத்தியானம். "அம்சா, அப்பாவுக்கு முடியலடி. எங்க இருக்க?"

அப்புறம் குரூப்பில், ராத்திரி. அப்பா போய்விட்டார்.

பஸ்ஸிலேயே அழுதேன். வடக்கனந்தலில் இறங்கி, ஒரு மாலை வாங்கிக்கொண்டு, எங்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே அங்கே போனேன். பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, மேளம். கண்ணாடிப் பெட்டிக்குள் அவர். குளிரக் குளிரப் படுத்திருந்தார். சந்தியா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்க் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் கை எழும்பவே இல்லை. சாவு வீட்டில் யார் வந்து கட்டிக்கொண்டாலும் கை எழும்பும், எதிரியாக இருந்தாலும் எழும்பும். அவள் என் தோளுக்கு அந்தப் பக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது அழுது ஓய்ந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தேன்.

பாரதிதான் என்னைத் தண்ணீர் டிரம் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னாடி எழுதி வெச்சிருக்க நீ? புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு?"

அவள் போனைக் காட்டினாள். இன்று காலையில் சந்தியா போட்டது: "பகல் ரெண்டு மணிக்கு எடுக்கிறோம். எல்லாரும் வந்துடுங்க."

அதற்கு நேர் கீழே நான். "இதுக்காகவே லீவு போட்டு வரேன். பாயசம் உண்டா?"

மூன்று சிரிப்புப் பொம்மைகள்.

அய்யோ, இது காதுகுத்துக்குடி, நேத்து மத்தியானமே அடிச்சது, பஸ் பாறையைத் தாண்டும்போது அதுவாப் போயிருக்கு — என்னென்னவோ சொன்னேன். என் போனை எடுத்துக் காட்டினேன். என் போனில் அது சரியான இடத்தில்தான் இருந்தது, காதுகுத்துக்குக் கீழே, நேற்று மத்தியான நேரம் போட்டு. "பாரு, பாருடி, என் போன்ல பாரு" என்று கத்தியே விட்டேன் போலிருக்கிறது. பந்தலில் இருந்த ஒரு பெரியவர் திரும்பி, "சாவு வூட்ல இன்னாம்மா போனை வெச்சி நோண்டிக்கினு?" என்றார். எல்லாரும் பார்த்தார்கள். சந்தியாவும் பார்த்தாள்.

எடுக்கும்வரை ஓரமாக நின்றிருந்தேன். என்னிடம் யாரும் பேசவில்லை. அந்த மனுஷனுக்காக நான் ஒழுங்காக அழக்கூட இல்லை. என் மானத்தைப் பற்றியேதான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 21, திங்கள்

நேற்றே அதை அழித்தேன். அழித்த இடத்தில் "இந்த மெசேஜ் நீக்கப்பட்டது" என்று நிற்கிறது. சும்மா இருந்திருந்தாலாவது முட்டாள் என்று நினைத்திருப்பார்கள். இப்போது திருடி மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. எப்படியும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதவன் எவன்?

ஜூலை 23, புதன்

சந்தியா இல்லாத வேறு ஒரு குரூப்பில் என் பழைய பள்ளிக்கூட போட்டோவை வெட்டி "பாயசம் உண்டா?" என்று ஸ்டிக்கர் செய்து ஓட்டுகிறார்களாம். பாரதி சொன்னாள். யார் என்ன சொன்னாலும் பதிலுக்கு அந்த ஸ்டிக்கர்தானாம். பாறையில் நின்று ஜெயப்பிரகாஷுக்குப் போன் போட்டேன்.

"அட, சும்மா ஜாலிக்கு அம்சா. நீ இன்னா இவ்ளோ சீரியஸா எடுத்துக்கற?"

"செத்தது அவங்க அப்பாடா."

"அதான் அந்த குரூப்ல அவ இல்லயே!"

கட் செய்தேன். போனைப் பாறையில் எறியலாம் போலிருந்தது. எறிந்தால் புதுசு அவன் கடையில்தான் வாங்க வேண்டும். ச்சே. ஞாயிற்றுக்கிழமை "ஆழ்ந்த இரங்கல்" என்று முதலில் போட்டவனே அவன்தான். கைகூப்பும் பொம்மை போட்ட அதே விரல்தானே இந்த ஸ்டிக்கரையும் செய்தது? என்னைக் கேவலமாகப் பார்த்தவர்களாவது பரவாயில்லை. அவர்களுக்கு அந்தச் சாவு ஒரு பொருட்டாக இருந்தது.

ஜூலை 25, வெள்ளி

சந்தியா போனை எடுக்கவில்லை. நாலாவது தடவை.

எழுதி அனுப்பலாம் என்று கடையில் உட்கார்ந்து அடித்தேன். நீளமாக, எல்லாவற்றையும். பிறகு பயம் வந்துவிட்டது. இது எப்போது போய்ச் சேரும்? அவள் அம்மாவுக்கு உடம்பு முடியாத நேரத்திலா? யாராவது பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும்போதா? மன்னிப்பு கேட்பதுகூட நேரம் தவறி விழுந்தால் என்ன ஆகும்? மொத்தத்தையும் அழித்தேன். என் கையால் அடிக்கிற ஒரு எழுத்தைக்கூட இப்போது நம்ப முடியவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

நேரிலேயே போனேன். அவள் அம்மா வாசலுக்கு வந்து, "தலைவலின்னு படுத்துக்கினு இருக்கா கண்ணு" என்றார்கள். உள்ளே மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. வளையல் சத்தமும் கேட்டது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காபி கொடுத்தார்கள், குடித்தேன், வந்துவிட்டேன்.

மூணாம் கிளாஸ்லேர்ந்து கூடப் படிச்சவடி நான். ஒனக்குத் தெரியாதா நான் யாருன்னு? பாரதிக்குத் தெரியாம போகலாம், ஜெயப்பிரகாஷுக்குத் தெரியாம போகலாம். ஒனக்குமா?

ஜூலை 31, வியாழன்

காரியம் ஞாயிற்றுக்கிழமை. மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்கு வேலை நாள். கூட்டுறவுச் சங்கச் செயலாளரிடம் லீவு கேட்டேன். "மாசப் பொறப்புல லீவா? ஆள் யாரு இருக்கா அங்க அனுப்ப? செத்தவரு ஒனக்கு இன்னா ஒறவு?" என்றார்.

என்ன உறவு என்று சொல்வது? டிவிஎஸ்ஸில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போன உறவு என்று சொன்னால் லீவு ஃபாரத்தில் எந்த இடத்தில் எழுதுவார்? இல்லை என்றுவிட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலிருந்து பாறையில் கூட்டம். மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது. ராஜாம்பாள் அக்காவின் விரலை ஏழெட்டு தடவை அழுத்தியும் எடுக்காமல், கடைசியில் நான் சிடுசிடுவென்று, "வேணும்னே பண்றியாக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவள் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஒனக்கு இன்னா ஆச்சு கண்ணு?" என்று கேட்டாள். அழுகை வந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன், பாயசம் வரைக்கும். பாதிக் கூட்டத்துக்குச் சிரிப்பு வந்தது, மீதிப் பாதி அவர்களை அதட்டியது.

"சாவுன்னா ஆள் போய்ச் சொல்லுவாங்க இங்க" என்றாள் ராஜாம்பாள் அக்கா. "கீழ சாவையும் காதுகுத்தையும் ஒரே பொட்டிலயா போட்டு வெப்பாங்க?"

மத்தியானம் அங்கே படையல் போட்டிருப்பார்கள். நான் சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டுக் கடைசி பஸ் பிடித்தேன். யார் என்ன சொன்னாலும் சரி. காலையில் அங்கே போய்விட்டு, முதல் பஸ்ஸுக்கே திரும்பிவிடலாம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

விடிந்ததும் போனேன். பந்தலைப் பிரித்து வாசலில் சுருட்டிப் போட்டிருந்தார்கள். வாடகை நாற்காலிகளை ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். சந்தியா பின்கட்டில் பெரிய அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நேத்துதான காரியம்" என்றாள்.

"நேத்து லீவு கெடைக்கல."

"ம்."

நான் ஒரு தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு அண்டாவின் அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். தேய்த்தேன். சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரிசைப்படுத்தி வைத்திருந்தது எல்லாம் போன இடம் தெரியவில்லை. கடைசியில், "அது காதுகுத்துக்கு எழுதினதுடி" என்று மட்டும் வந்தது.

"தெரியும்."

"தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும். நான் இன்னா லூசா? பாயசம் கேட்டு எங்கப்பா சாவுக்கு வருவியா நீ?"

எனக்குக் கோபம்தான் வந்தது. சத்தியமாகக் கோபம். அப்புறம் எதற்கு இத்தனை நாள் என்னைக் கொன்றாள்? கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

அவள் நாரைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். "நெஞ்சு வலிக்குதுன்னு அப்பா சொன்னதும், ஆம்புலன்சுக்கு அடுத்தது ஒனக்குத்தான் போட்டேன். ஒரு டிக். ஆசுபத்திரில ஒக்காந்து பாத்துக்கினே இருந்தேன். ஒரே டிக். அப்பா போனப்பறமும் ஒரே டிக். சிக்னல் இல்லன்னு புத்திக்குத் தெரியுது. ஆனா நீ வருவ வருவன்னு பாத்துக்கினே இருக்குறேன். விடிஞ்சதும் மொதமொதல்ல ஒங்கிட்டேர்ந்து வந்தது அது. அந்த நிமிஷம் ஒன்ன எனக்குப் புடிக்கல. அவ்ளோதான். அது போவ மாட்டேங்குது."

என் போனில் எது எங்கே இருக்கிறது என்று இத்தனை நாள் எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் போனில் அந்த ராத்திரி முழுக்க என்ன இருந்தது என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். இரு என்று உள்ளே போனாள். ஃபிரிட்ஜ் திறக்கிற சத்தம். ஒரு டம்ளரோடு வந்தாள்.

"பாயசம். நேத்தோடது. வேணுமா?"

முகத்தில் சிரிப்பில்லை. கோபமும் தெரியவில்லை. திட்டுகிறாளா, கேலி செய்கிறாளா, நிஜமாகவே கொடுக்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குப் புரியவில்லை. வாங்கிக் குடித்தேன். ஜில்லென்று, பாசிப்பருப்பு அடியில் தங்கி, கெட்டியாக இருந்தது. டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் திரும்ப வெளியே வரவில்லை.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. பாறைவரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். கடை திறக்க அரை மணி லேட்.

ஆகஸ்ட் 9, சனி

ராஜாம்பாள் அக்கா என்னைப் பார்த்ததும், "குடுத்துச்சா பாயசம்?" என்றாள். "குடுத்தா" என்றேன். "அப்ப செரி" என்று சொல்லிவிட்டு விரலை நீட்டினாள். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

குரூப்பில் சந்தியா ஒன்றும் எழுதுவதில்லை. நானும் எழுதுவதில்லை. காலையும் மாலையும் பாறையில் நின்று படிக்கிறேன், அவ்வளவுதான். சின்னசேலம் ஸ்டேஷன் டீயா, உளுந்தூர்பேட்டை ரோட்டுக்கடை டீயா என்று நாலு நாளாக அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் திட்டமான அபிப்பிராயம் உண்டு. வாய் வரைக்கும் வந்தது. அடிக்கவில்லை. இப்படி ஒரு ஊமையாக இருப்பதற்குக் குரூப் எதற்கு? வெளியே வந்துவிடலாம் என்று இரண்டு தடவை விரலைக் கொண்டுபோனேன். வந்தால் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்பார்கள், அதற்கும் ஒரு ஸ்டிக்கர் செய்வார்கள்.

உளுந்தூர்பேட்டை டீ வெறும் தண்ணீர். அதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். சின்னசேலம் டீதான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஜெயப்பிரகாஷ் மகனுக்குக் காதுகுத்து முடிந்ததாம். போட்டோ போட்டிருக்கிறான். பையன் அழவே இல்லை. இவன் காதும் பழையபடிதான் இருக்கிறது. நான் போகவில்லை. சந்தியாவும் போகவில்லை என்று பாரதி சொன்னாள்.

செப்டம்பர் 11, வியாழன்

இன்றைக்குச் சாமான் வந்த நாள். பாறையில் ஊரே நின்றது. மெஷினுக்கு உயிர் வருவதற்காகக் காத்துக்கொண்டு போனைத் திறந்தேன்.

குரூப்பில் சந்தியா. இத்தனை நாளில் முதல் தடவை. எந்தப் பேச்சும் நடக்காத நேரம் பார்த்து, தனியாக ஒரே ஒரு மெசேஜ். அதற்கு மேலே சின்ன எழுத்தில், அவள் எங்கேயோ ஆழத்தில் போய்த் தேடி எடுத்த என் பழைய வரி: "தேங்காய்ச் சட்னியில் பூண்டு போடலாமா, கூடாதா? சந்தியா, நீயே தீர்ப்பு சொல்லு."

ஜூலை மாதத்தில் கேட்டது. கீழே அவள் பதில்:

"கூடாது. எங்கப்பாவுக்கு ஆவாது, தட்டைத் தள்ளி வெச்சிருவாரு."

ஜெயப்பிரகாஷ் அதற்குள், "இப்ப நேத்து சந்தியாவா?" என்று கேட்டிருந்தான். அவள் அவனுக்குப் பதில் சொல்லவில்லை.

எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. உண்மைதான், அவருக்குப் பூண்டு ஆகாது. எங்கள் வீட்டில் சாப்பிட்டாலும் அம்மா அவருக்கென்று தனியாக அரைப்பார். ஆனால் அதற்காகப் பூண்டையே வேண்டாம் என்பது என்ன நியாயம்? கொஞ்சமாவது போட்டால்தான் சட்னி. இதை விட்டுக்கொடுக்க முடியாது.

சிக்னல் இரண்டு கோடு இருந்தது. பாறையைவிட்டு இறங்குவதற்குள் அடித்தேன், அவள் வரியைப் பிடித்து, அதற்கு நேர் கீழே விழும்படி: "தீர்ப்பு செல்லாது. ரெண்டு பல்லாவது போடணும். ஞாயித்துக்கிழமை வரேன், அரைச்சுக் காட்டறேன்டி."

"கண்ணு, மெஷின் வந்துருச்சு, வெரலை வெக்கட்டுமா?" என்று ராஜாம்பாள் அக்கா கூப்பிட்டாள். கொஞ்சம் இரு அக்கா என்றேன். ஒரு டிக். பார்த்துக்கொண்டே நின்றேன். வரிசையே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு டிக். பிறகு இரண்டும் நீலமானது.

"வாடி பாக்கலாம்" என்று வந்தது.

ராஜாம்பாள் அக்கா விரலை வைத்தாள். எடுக்கவில்லை.